பன்னிரண்டாம் வகுப்பின் பாடை

ஆலந்தேரியில் பாடையைப் பார்த்து யாரும் பயந்தது கிடையாது, ஏனென்றால் வருஷத்துக்கு ஒரு பாடையாவது அந்த ஊரில் சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும். செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிற தேரியின் ஓரத்தில் இருக்கிற மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள், கடைசி நாளன்று தங்கள் வகுப்பே மண்டையைப் போட்டுவிட்டதாக அறிவித்து, மூங்கிலில் பாடை கட்டி, வைக்கோல் திணித்த பொம்மைக்குச் சீருடை மாட்டிப் படுக்கவைத்து, அதைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிடுவார்கள். தம்பி தங்கைமார் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்ற, செத்துப்போனவர்கள் பின்னாலேயே மார்பில் அடித்துக்கொண்டு வந்து, இருக்கிறவர்களுக்காக ஒப்பாரி வைப்பார்கள், இவன் இயற்பியலில் என்ன பாடு படப்போகிறானோ, இவள் தூங்குமூஞ்சி, பொதுத்தேர்வுக்கு யார் எழுப்பிவிடப் போகிறார்களோ என்று ஒருத்தர் விடாமல் பேர் சொல்லி அழுவார்கள். கடைசியில் மைதானத்து மூலையில் இருக்கும் பாழுங்கிணற்றில் பொம்மையைத் தள்ளிவிட்டு, கைகால் கழுவி, எலுமிச்சைச் சோறும் பாயசமும் சாப்பிட்டுப் பிரிந்து போவார்கள். வாத்தியார்களும் கண்டுகொள்வதில்லை, விளையாட்டு வாத்தியார் சாலமோன் சார் மட்டும் வருஷா வருஷம் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு மேளம் தட்டுவார்.

இதில் ஒரு முறை இருந்தது, அதை யாரும் முறை என்று நினைத்துச் செய்யவில்லை என்பதுதான் பின்னால் வந்த வினை. பொம்மைக்குப் போடுகிற சட்டை ஒருத்தனுடையது, கால்சட்டை இன்னொருத்தனுடையது, பெல்ட் வேறொருத்தனுடையது, காலுறைகூட இடதுக்கு ஒரு வீடு வலதுக்கு ஒரு வீடு என்று பல இடத்திலிருந்து வந்து சேரும். ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், ஒரு வீட்டிலிருந்து முழு உடுப்பு கேட்டால் தாய்மார் விளக்குமாற்றை எடுப்பார்கள், அவ்வளவுதான் காரணம். அதனால் அந்தப் பொம்மை எல்லாரும்போல இருக்கும், யார்போலவும் இருக்காது. பிரமசக்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், கடைசி நாளில் ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்துப் போட்டுக்கொள்கிற பழக்கம் எங்கிருந்தோ ஆலந்தேரிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சட்டையைக் கழற்றிக் கொடுக்க ஒருத்தனுக்கும் மனமில்லை. பொம்மை வெறும் வைக்கோலாகக் கிடக்க, பலவேசம்தான் போய்த் தன் பையிலிருந்து துவைத்து மடித்த முழு உடுப்பையும் எடுத்து வந்து கொடுத்தான், பெல்ட்டும் காலுறையும் உள்பட.

பலவேசம் அந்த வகுப்பின் கோமாளி. வகுப்பில் எந்த வாத்தியார் பேசினாலும் அவன் உதடும் கூடவே அசையும், அடுத்த மணி நேரம் அந்த வாத்தியாராகவே நடப்பான். தகப்பன் ஏதோ ஒரு ஊருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டவர், தாய் சொர்ணம் பீடி சுற்றி அவனை வளர்த்தவள். பொம்மைமேல் இருந்த சட்டை அவனுடையது என்று விசாரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம், பையில் பேனா கசிந்த நீலக் கறை ஒரு கை அகலத்துக்கு இருந்தது.

ஒப்பாரிக்குத் தலைமை பிரமசக்தி. அவளுக்கு ஒரு குரல் இருந்தது, அந்தக் குரலுக்கு ஒரு கர்வமும் இருந்தது. அன்றைக்கும் அவள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள், பதினொன்றாம் வகுப்பில் எலுமிச்சைச் சோற்றுக்கு மறுபடி மறுபடி வரிசையில் நிற்கிற நயினாரை இழுத்துவைத்துப் பாடியபோது கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, பாடையின் முன்கொம்பைச் சுமந்த நயினாரே குலுங்கினான். ஆனால் பாடை பாதிச் சுற்று வருவதற்குள் வாசலில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்தார், சின்னப் பிள்ளைகள் நழுவினார்கள், பெரிய பிள்ளைகள் சட்டையில் கையெழுத்து வாங்கப் போனார்கள், பிரமசக்தியின் பாட்டுக்குக் காது கொடுக்க ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். கூட்டம் கையைவிட்டுப் போவதை அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அவளுடைய அப்பா லாரி மோதிச் செத்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா பாடிய பாட்டு ஒன்று அவள் தொண்டைக்குள் சின்ன வயதிலிருந்தே கிடந்தது, யாரிடமும் பாடிக் காட்டாத பாட்டு, அம்மாவும் அதற்குப் பிறகு பாடாத பாட்டு. அதை எடுத்தாள். அம்மா அப்பாவின் பேரைச் சொன்ன இடத்தில், எதிரே தெரிந்த நீலக் கறையைப் பார்த்து, பலவேசம் பேரைப் போட்டாள்.

"கொடியில சட்டையிருக்கு, போட்ட மேனி காணலியே,
வாசல்ல செருப்பிருக்கு, வந்த பாதம் காணலியே,
எம் பலவேசம்..."

ஐஸ் வண்டிக்காரரின் மணி நின்றது. போன கூட்டம் எல்லாம் திரும்பி வந்தது. விளையாட்டு என்று தெரிந்தும் பெண் பிள்ளைகள் சிலர் அழ ஆரம்பித்தார்கள், சாலமோன் சாரின் கை வாளிமேல் அப்படியே கிடந்தது, பிரமசக்தியோ இவ்வளவு கூட்டத்தை ஒரு வாயால் பிடித்து நிறுத்திவிட்டோமே என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் நயினாரின் முழங்கால் மடங்கியது. பாடை கனக்கிறது என்றான். வைக்கோல் பொம்மை எப்படிலே கனக்கும் என்று பின்கொம்புக்காரன் ஏசுவதற்கு வாயெடுத்தான், எடுத்த வாய் அப்படியே நின்றது, அவன் கழுத்து நரம்பும் புடைத்துவிட்டது.

தூக்க முடியாமல் கீழே இறக்கினார்கள், பாட்டும் பாதியில் நின்றது. இறக்கியதும், வேலிப்பக்கம் நின்று தன் பேரில் பாட்டு வந்ததற்குப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்த பலவேசம், துணி சரிவதுபோல மணலில் சரிந்தான். உதடு கறுத்தது, மூச்சு இல்லை. ஓடிவந்து தூக்கிய சாலமோன் சார் அவனைத் தூக்கிய வேகத்தில் பின்னால் விழுந்தார், ஏனென்றால் அவர் எதிர்பார்த்த கனம் அவனிடம் இல்லை, ஒரு தலையணைக்கு உள்ள கனம்கூட இல்லை. அவன் கனமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது, பாடையைத் தூக்குங்கலே என்று யாரோ கத்தினார்கள், தூக்கினார்கள், பலவேசம் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

அன்றைக்கு எலுமிச்சைச் சோறு வீணாய்ப் போயிற்று.

ஊர் முதலில் செய்யவேண்டியதையெல்லாம் செய்து பார்த்தது. செங்கல் அடுக்கி அதன்மேல் பாடையை வைத்தார்கள், பலவேசத்துக்கு மூச்சு நின்றது. வேப்பமரக் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள், அப்போதும் நின்றது. அதற்கு மனுசத் தோள்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. பொம்மையின் சட்டையைக் கழற்றிவிடலாம் என்று மேல் பொத்தானில் கைவைத்தால் நெஞ்சு கிழிகிறது என்று அவன் அலறினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை எடை பார்த்துவிட்டு மெஷினை மாற்றச் சொன்னார், மாற்றிய மெஷினிலும் முள் அசையவில்லை என்றதும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார். சுடலைமாடன் கோயில் பூசாரி மட்டும் பாடையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எடுத்த ஒப்பாரியை எடுத்தவள்தான் முடிக்க வேண்டும், இடையில் நின்ற பாட்டு போகிற உயிரைப் போகவும் விடாது இருக்கவும் விடாது என்று சொன்னார். முடித்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஆகவே பாடையைச் சுமந்தார்கள். பதினொன்றாம் வகுப்பு பகலில் முறைபோட்டுச் சுமந்தது, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு சுமைதூக்குகிறவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள், ராத்திரிக்கு ஆட்டோக்காரர்களும் அரிசி மில் ஆட்களும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வேதக்கோயில்காரர்கள், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் தெரு. தோளை மாற்றும்போது கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று ஒருத்தர் கழுத்தோடு ஒருத்தர் கழுத்து ஒட்டி நின்று மாற்றிக்கொள்ளப் பழகினார்கள். மைதானத்தில் வட்டமாக ஒரு பாதை தேய்ந்து, மழை பெய்தால் அதில் தண்ணீர் நின்றது, கோடையில் அதன் ஓரமாக ஒருவர் டீக்கடை போட்டார். பெண்கள் மோர் கொண்டுவந்தார்கள், பிள்ளை இல்லாதவர்கள் மூங்கிலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், கண்டக்டர்கள் பாடை ஸ்கூல் எல்லாம் இறங்கு என்று கூவினார்கள், யாரும் சிரிக்கவுமில்லை, யாருக்கும் அதிசயமாகவும் இல்லை. ஆலந்தேரிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு பிள்ளையின் உயிர் என்று வந்தபோது ஊர் மொத்தமும் ஒரே தோளாக நின்றது, அது உண்மை.

பலவேசத்தை அவன் தாய் சொர்ணம் மணிக்கட்டில் பிடித்தே கூட்டிப்போனாள். தேரிக் காற்று சாதாரணக் காற்று இல்லை, அவன் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் கல் போட்டுத்தான் வெளியே விடுவாள். ஈர சிமெண்டில் நடந்தால் அவன் கால்தடம் விழாது, சைக்கிளில் ஏறினால் ஆள் ஏறியதாக டயருக்கே தெரியாது. ஒருமுறை தூத்துக்குடிக்கு வேலை கேட்டுப் போகலாம் என்று பஸ் ஏறினான், ஓடைப்பாலம் தாண்டும்போதே கண் இருட்டிச் சரிந்தான், கண்டக்டர் அவனை இலை மாதிரி தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்குள் ஓடிவந்து போட்டார். அதற்குப் பிறகு அவன் ஊரைவிட்டுப் போக முயற்சிக்கவில்லை. பாடைக்குப் பக்கத்திலேயே நடந்து, சுமக்கிறவர்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்க வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டினான், மன்னிப்புக் கேட்கிறதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பிரமசக்தி நாகர்கோவிலில் நர்சிங் சேர்ந்தாள். விடுதியில் பாட்டுப் போட்டி என்றால் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். அம்மாவின் துக்கத்தை எடுத்துக் கைதட்டலுக்கு விற்றோமே என்கிற நினைப்பு, மருந்து வாடையைப்போல அவள் மேலே ஒட்டிக்கொண்டு போகாமல் இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பாட்டுக்குக் கடைசியாக ஒரு அடி உண்டு என்பது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். பிணத்தைத் தூக்கும்போது பாடுகிற அடி, போய் வாரும் என்று விடைகொடுக்கிற அடி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா அதைப் பாடி வாய் மூடியதும் அப்பாவை எடுத்துக்கொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஊர் களைத்துப்போனது எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. தோளில் காய்ப்பு விழுந்து, காய்ப்பு உரிந்து புண்ணானது. பதினொன்றாம் வகுப்பு காலாண்டில் பாதிப் பேர் தேறவில்லை, அரையாண்டில் முக்கால்வாசிப் பேர் தேறவில்லை, அதே பிள்ளைகள் பன்னிரண்டுக்குப் போகப்போகிறவர்கள் என்று தாய் தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். முறைக்கு வரவேண்டியவர்களுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது, கல்யாண வீடு வந்தது. சொர்ணம் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது, அவள் குடம் நிரம்பட்டும் என்று எல்லாரும் மிகவும் மரியாதையாக விலகி நின்றார்கள். அவள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள். மகனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, தலையில் கை அழுந்தினால் உள்ளே போய்விடுமோ என்று பயந்து பயந்து தேய்த்தாள்.

மாசி மாதக் கடைசியில் பிரமசக்தி விடுமுறைக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வெள்ளத்துரை குடையோடு காத்திருந்தார். அரிசி மில் அவருடையது, அவரும் சுமந்தவர்தான், வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போய் இருந்தது. அவளுடைய பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், படிப்பைப் பற்றி விசாரித்தார், கூடவே நடந்து வந்தார், இந்த வருஷத்துப் பன்னிரண்டாம் வகுப்பும் பாடை கட்டிப் பிரிவு சொல்ல ஆசைப்படுகிறது, அதற்குப் பழைய பாடை முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும் இல்லையா என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

"பலவேசத்த யாரும் எதும் செய்யச் சொல்லல தாயி," என்றார். "அவன் நம்ம பிள்ளை. நீ ஆரம்பிச்ச பாட்ட நீயே முடிச்சு வையின்னுதான் சொல்லுதோம்."

"முடிச்சா அவன் இருப்பானா மாமா?"

வெள்ளத்துரை குடையை வலது தோளிலிருந்து இடதுக்கு மாற்றிக்கொண்டார். அது தெய்வத்தின் கையில் இருக்கிறது என்றும், அவளுடைய படிப்புக்கு ஊர் ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். வீட்டு வாசல்வரை பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவள் பையை அன்று முழுக்க உள்ளே எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை பலவேசம் வந்தான். தாய் கையைப் பிடிக்காமல், இரண்டு பையிலும் கல் கனக்க, சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும், பாடைக்குப் பக்கத்திலேயே நடக்கிறவனுக்கு எல்லாப் பேச்சும் காதில் விழும். பொறுமையாகத்தான் பேசுகிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நயினாரின் தோளைப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது என்றான். பிரமசக்தி மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். அவன் விடவில்லை.

"ஏ பிரமு, அந்தப் பாட்ட விடு," என்றான். "முதல்ல பாடுனியே, சிரிப்புப் பாட்டு, அதப் பாடு. எங்கம்ம சிரிச்சு ஒரு வருசம் ஆச்சு."

அவள் அழுதாள். அவன் அவள் அழுவதை அவளைப் போலவே செய்து காட்டினான், மூக்கை உறிஞ்சுவது உள்பட, அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பாடுகிறேன் என்றாள். கடைசி அடியைச் செத்தாலும் வாயில் எடுக்க மாட்டேன் என்று அவன் தலைமேல் கைவைத்துச் சொன்னாள், சிரிப்புப் பாட்டையே பாடிப் பாடி ஊரின் களைப்பைப் போக்கிவிட்டால் இன்னும் ஒரு வருஷம் சுமப்பார்கள், அடுத்த வகுப்பு வாங்கிக்கொள்ளும், அதற்கடுத்த வகுப்பு வாங்கிக்கொள்ளும், அவன் கிழவனாகிற வரைக்கும் வாங்கிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்புப் பாட்டில் அவளுக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடி அடியாகக் கட்டினாள், பாதியில் தானே சிரித்துக்கொண்டாள், பக்கத்தில் படுத்திருந்த அம்மா புரண்டு படுத்தாள்.

பிரிவு நாளில் ஊர் முழுக்க வந்தது. பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் கல்யாண மண்டபத்திலிருந்தும் கொண்டுவந்து மணலில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் தேய்ந்த பாதையில் பாடை சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் பலவேசமும் சொர்ணமும், அவன் மணிக்கட்டு அவள் கைக்குள். முன்வரிசையில் வெள்ளத்துரையும் பூசாரியும் தலைமையாசிரியையும் இருந்தார்கள். பெண்கள் பலர் வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் வந்திருந்தார்கள், துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் கட்டுகிற சேலை, யாரும் யாரிடமும் பேசிவைத்துக் கட்டியதில்லை. மேடையில் ஏறி நின்ற பிரமசக்தி அந்தச் சேலைகளை வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

வெள்ளத்துரை அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் அவரைப் பார்க்காமல் பாடினாள்.

"எலுமிச்சைச் சோத்துக்கு எட்டு மொற வருவியே,
இயற்பியல் வகுப்புன்னா எங்க போயி ஒளிவியே,
பாடம் ஒண்ணும் ஏறாம பாடையத்தான் ஏத்திக்கிட்டு
பாசாகப் போறியளோ பக்கத்துப் பேப்பரப் பாத்து..."

முதலில் யாரும் சிரிக்கவில்லை, இது அதில்லையே என்று முகத்தை முகம் பார்த்தார்கள். பிறகு சாலமோன் சாருக்கு வாய் கோணியது, அவர் வாளியைத் தேடினார், தலைமையாசிரியை முந்தானையால் வாயை மூடினார், அதைப் பார்த்துப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு வருஷத்துச் சிரிப்பு உள்ளே கிடந்து நொதித்திருந்தது போலிருக்கிறது, மடை திறந்ததும் வெள்ளைச் சேலைக்காரிகள் தோளில் சாய்ந்து சிரித்தார்கள், பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், வெள்ளத்துரை சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்து முடியாமல் இறங்கிப்போன தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிரமசக்திக்குச் சிறகு முளைத்தது. பலவேசத்தைப் பார்த்தாள், அவன் கையை ஆட்டினான், என்னையும் பாடு என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"எடைக்கல்லும் தோத்துப்போன எங்க ஊரு பலவேசம்
ஏரோப்பிளேன் பாத்துட்டா எகிறிப்போயி ஏறிக்குவான்,
காத்தடிச்சா கல்லைக் கட்டும் கண்ணான சொர்ணத்தம்மா,
இட்லிப் பானை கண்டா மட்டும் இரும்பாட்டம் ஒக்காருவான்..."

சொர்ணம் சிரித்தாள். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியாத ஒரு சத்தத்தோடு சிரித்தாள், பிடித்திருந்த மணிக்கட்டை விட்டுவிட்டு மகன் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தாள், பலவேசம் தாயைப் பார்த்து அதைவிடப் பெரிதாகச் சிரித்தான். அப்போது பாடை அவர்களுக்கு நேர் பின்னால் வந்திருந்தது. முன்கொம்பில், பன்னிரண்டுக்குப் போன பிறகும் முறையை விடாத நயினார், அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை, எலுமிச்சைச் சோறு என்று தானே ஒருமுறை சொல்லிக் குனிந்தான். பின்கொம்புக்காரர்களுக்கும் தோள் குலுங்கியது, மூங்கில் வழுக்கியது.

பாடை விழுந்த சத்தம் சிரிப்பில் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குச் சத்தமும் வரவில்லை, வைக்கோல் விழுகிற சத்தம்தானே. சுமந்தவர்கள் தோளைத் தடவிப் பார்த்தார்கள், ஒரு வருஷமாக இல்லாத சுகம் அங்கே இருந்தது, என்ன ஏது என்று யோசிப்பதற்கு முன்னால் அந்தச் சுகத்திலேயே ஒருத்தரை ஒருத்தர் பார்த்து இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள்.

பிரமசக்தி பார்த்தாள். எல்லா முகமும் அவளைப் பார்த்திருந்ததால் அவள் ஒருத்திதான் பார்த்தாள். கடைசி வரிசையில் பலவேசம் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்கள் நான்கும் மெல்ல மணலுக்குள் இறங்கின, நன்றாக வளர்ந்த ஒரு பையன் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. அவன் தலை தாயின் பக்கமாகச் சாய்ந்தது, சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது. கனம் பாடையைவிட்டு அவனிடமே திரும்பிவிட்டது, இனிப் பாடையைத் தூக்கியும் பயனில்லை என்று அவளுக்கு விளங்கியது. சொர்ணம் அவன் பக்கம் திரும்பாமலே அவன் தொடையில் இன்னொரு அடி அடித்து, பாத்தியாலே உன்னய எப்படிப் பாடுதாள்னு என்கிற மாதிரி ஏதோ சொல்லி, மேடையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டி வைத்திருந்த பாட்டு அந்த அடியோடு முடிந்துபோயிருந்தது. முடித்தால் கைதட்டுவார்கள், கைதட்டி முடிந்ததும் அந்தத் தாய் பக்கத்தில் திரும்புவாள். பிரமசக்தி பதினொன்றாம் வகுப்பில் கண்ணில் பட்ட ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லி எடுத்தாள், அடுத்த பிள்ளையின் பேரைச் சொன்னாள், பேர் தெரியாதவர்களை ரெட்டைச் சடை என்றும் கண்ணாடி என்றும் சட்டைக் கலரைச் சொல்லியும் பாடினாள், பிள்ளைகள் தீர்ந்ததும் வாத்தியார்களைப் பாடினாள், வாத்தியார்கள் தீர்ந்ததும் சத்துணவு அண்டாவைப் பாடினாள், தண்ணீர்த் தொட்டியைப் பாடினாள், அடி அமையவில்லை, ராகம் இழுத்துக்கொண்டு போயிற்று, ஆனாலும் கூட்டம் இன்று எதற்கும் சிரிப்பதாக இருந்தது, சிரித்தது. போதும் தாயி, சிரிச்சு வயிறு வலிக்குது, நிறுத்து என்று வெள்ளத்துரை கையெடுத்துக் கும்பிட்டார். சொர்ணம் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரமசக்தி நிறுத்தவில்லை.